மார்கழியில் மாம்பழ வாசனை

மார்கழி இருட்டு விலகவில்லை. முற்றத்தில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்த அவ்வா, குனிந்தபடியே ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறாள். பிறகு இன்னொன்று. கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நடுப் போர்ஷன் வாசல்வரை வந்து நின்று மறுபடி முகர்கிறாள்.

மாம்பழ வாசனை.

கார்வேட்டிநகரத்தில் மாம்பழ விஷயத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஊரைச் சுற்றித் தோப்புகள். தையில் பூ, பங்குனியில் வடு, ஆனி ஆடியில் தோத்தாபுரி லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். மார்கழியில் மரம் வெறும் இலையோடு நிற்கும். மிஞ்சினால் கொப்பு நுனியில் மொட்டு தட்டியிருக்கும். அந்த மாதத்தில் பழுத்த பழத்தின் வாசனை வீட்டுக்குள் வந்தால் அது மரத்திலிருந்து வந்ததில்லை என்று அவ்வாவுக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். நான் சொல்லவில்லை.

பழைய ஓட்டு வீடு. மூன்று போர்ஷன். ஓர் ஓரத்தில் நான், மறு ஓரத்தில் வீட்டுக்காரி அவ்வா, நடுவில் வாடகைக்கு வந்த பையன். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை போகாமல் ஆளுயரத்துக்கு மேல் ஒன்றரை முழம் எழும்பி நின்றுவிடும். மிச்ச இடம் காற்றுக்கு விட்டது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டிலும் தும்முவார்கள். இரவில் யார் எத்தனை முறை இருமினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பையன் ஐப்பசியில் வந்தான். கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறான். வீட்டில் பேசுவது தெலுங்கு. அவ்வா தமிழ். 1960 ஏப்ரலில் எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. ஒரு காலத்தில் அதையும் சேர்த்து ஆண்ட ஜமீனின் தலைநகரமான இந்த ஊர் ஆந்திரத்தில் நின்றுவிட்டது. அதனால் இங்கே பாதிப் பேச்சு அந்த மொழியில் தொடங்கி இந்த மொழியில் முடியும். வாடகை பேசும்போது அவ்வா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். முத்திரைத்தாள் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

"பொகை மட்டும் கூடாது நைனா. மலை மேல என்ன சட்டமோ அதான் இந்த வீட்டுக்கும்."

மலை என்றால் திருமலை. அலிபிரியில் பையைத் திறந்து பார்த்து, சிகரெட்டும் பீடியும் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டுதான் மேலே விடுவார்கள். பையன் "சரே அவ்வா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அவ்வா ஏன் அந்த ஒன்றைக் கேட்டாள் என்பதற்கு அவள் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அவள் புருஷன். முப்பது வருஷம் பீடி. கடைசி ஆறு மாதம் மனிதர் படுக்கவே இல்லை. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வா வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனாலும் அவளுக்கும் இழுப்பு. அவர் விட்ட புகையும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து செய்த வேலை என்று திருப்பதி பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு நீல நிற இன்ஹேலரும் எப்போதும் இருக்கும்.

இரவு பதினொரு மணிக்குமேல் நான் கட்டிலில் படுத்தபடி பார்ப்பது அவன் அறையின் கூரையை மட்டும். கீழே அவன் செல்போன் வெளிச்சம். அதில் ஒரு வெண்மேகம் எழும்பும். சட்டங்களில் மோதிப் பரவும். பீடிப் புகைபோல நீலமாக நெளியாது. பஞ்சு மாதிரி கனமாக வந்து சட்டென்று மெலிந்துவிடும். தெருப்பக்கக் காற்று இருந்தால் அது என் பக்கம் வராது. மறுசுவரைத் தாண்டி அவ்வா படுத்திருக்கும் பக்கம் இறங்கும். சற்று நேரத்தில் அங்கிருந்து இருமல்.

குடியிருக்கிறவன் இன்னொரு குடித்தனக்காரனைப் பற்றி வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்வது சின்னத்தனம் என்று அப்போது நினைத்தேன். அந்த இருமலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

பகலில் அந்த மேகத்தை விடும் சாமான் அவன் ஜன்னல் மேடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் நீளம், பென்டிரைவ் என்றே யாரும் நினைப்பார்கள். உள்ளே பேட்டரி, சூடாகும் கம்பிச்சுருள், கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் வாசனையும் நிகோடினும் கலந்த திரவம். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. வந்த புதிதில் மாலை நேரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன் அடுத்தடுத்துச் சிகரெட் பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கார்த்திகைக்குப் பிறகு அங்கே அவனைக் காணவில்லை. சிகரெட்டை விடத்தான் இதைப் பிடித்திருக்கிறான். 2003இல் சீனாவில் இதை உருவாக்கிய ஹான் லிக் என்ற மருந்தாளுநரும் சிகரெட்டை விட முடியாமல் தவித்தவர்தான். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்த வீட்டிலும் ஒரு படம் சுவரில் தொங்கியிருக்கும்.

சட்டப்படி இந்தச் சாமான் இந்த ஊருக்கு வந்திருக்கவே கூடாது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நிரந்தரச் சட்டம்: இ-சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனாலும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரோ ஒரு நண்பனின் பையில் வந்துவிடுகிறது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் இருக்கும் தடையும் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும். படியைத் தாண்டினால் அவ்வாவின் வாய்ப்பேச்சு மட்டும்தான். எனக்கு அந்தப் பேச்சுதான் பெரிது. அது மூச்சு முட்டிய ஒருத்தி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வா படத்தைக் கழற்றி முற்றத்து வெயிலில் வைத்துத் துடைக்கிறாள். பழைய பேப்பரைச் சுருட்டித் தேய்க்கிறாள். கண்ணாடியில் ஒரு பிசுக்கு, துடைக்கத் துடைக்க இழுபடுகிறது. அடுப்படி அந்தப் பக்கமே இல்லை. நான்கு நாள் முன்பும் இதே துடைப்புதான். பையன் பல் விளக்கிவிட்டு வருகிறான்.

"நைனா, ரூம்ல மாம்பழம் வெச்சிருக்கியா?"

"லேது அவ்வா."

"பேக்டரில கூழ் ஓட்றாங்களா?"

"இப்ப ஏது அவ்வா? டப்பாக்கு லேபிள் ஒட்ற வேலைதான்."

அவள் கண்ணாடிமேல் விரலை இழுத்து அந்த விரலை அவனுக்குக் காட்டுகிறாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவன் விரலைப் பார்க்கிறான். படத்தைப் பார்க்கிறான். உள்ளே போய் அந்தச் சாமானைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறான்.

"இது பொக காது அவ்வா. ஆவிரி."

புகை இல்லை, ஆவி என்கிறான். இந்த ஊரில் இரண்டு மொழிக்கும் பொகை ஒன்றுதான், ஆவியும் ஏறக்குறைய ஒன்றுதான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருக்கிறான். ஆனால் அது வெந்நீர்ப் பானையின் ஆவி இல்லை. கண்ணுக்குத் தெரியாத திவலைகள். நிகோடினைச் சுமந்துகொண்டு போய்ச் சுவரிலும் துணியிலும் கண்ணாடியிலும் உட்காரும். அடுத்த அறையில் ஒருத்தி மூச்சு இழுத்தால் அங்கேயும் போகும்.

"ஆவி எனக்குத் தெரியாதா நைனா? வாரத்துல ரெண்டு நாள் நொச்சித்தழை போட்டுப் பிடிக்கிறேன். அது நெஞ்சைத் தொறக்குது. இது ராத்திரில வந்து மூடுது."

குரல் உயரவில்லை. வீட்டைக் காலி செய் என்று சொல்லவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையன் முற்றத்திலேயே நின்றான், கை நீட்டியபடி.

மத்தியானம் ஸ்டூல் இழுபடும் சத்தம். அவ்வா ஒரு பழைய சேலையைச் சுருட்டிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே திணிக்கிறாள். ஸ்டூல் ஒரு காலில் ஆடுகிறது. நான் எழுந்து கதவுவரை போனபோது பையன் முந்திக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலைப் பிடித்திருந்தான். அவள் திணித்து முடிக்கும்வரை பிடித்திருந்தான். இரண்டு பேரும் பேசவில்லை.

அதன்பிறகு அவன் கூரையில் மேகம் இல்லை. பதினொன்றரைக்கு நடுக்கதவின் தாழ்ப்பாள் கிர்ரென்னும். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் புத்தூர் ரோட்டுப் பக்கம் நடப்பான். தோப்பு ஓரத்தில் ஒரு மதகு. அந்தத் திட்டில் உட்கார்ந்திருப்பதை ஓரிரவு கடைசி பஸ்ஸில் வரும்போது பார்த்தேன்: பனியில் ஒடுங்கிய ஓர் உருவம், வாயருகே கடுகளவு நீல வெளிச்சம். சில இரவுகளில் இரண்டு மணிக்கும் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். அந்தக் குளிரில் ஒருவனைப் படுக்கையிலிருந்து இழுத்துப்போகும் பிடி எவ்வளவு வலுவானது என்று நினைத்தபடி படுத்திருப்பேன். அவன் வந்து படுக்கும்வரை எனக்கும் தூக்கம் பிடிக்காது. மறுபக்கம் அவ்வாவும் விழித்திருப்பாள்போல. அவன் திரும்பித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவள் புரண்டு படுக்கும் சத்தம் வரும்.

தை பிறந்து பத்து நாள். காலையில் முற்றத்துக் கொடியில் அந்தப் பழைய சேலை, அலசிப் பிழிந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு. சுவர்மேல் இடைவெளி திறந்திருக்கிறது. அவ்வா கோலத்தை முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிமிர்கிறாள். தோப்புப் பக்கமிருந்து வரும் காற்றை மூக்கைத் தூக்கி ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாள். மாம்பூ. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.