முப்பது வயதில் ஓய்வு!

அரசு ஊழியருக்கு அறுபதில் ஓய்வு. உழவருக்கும் நெசவாளருக்கும் ஓய்வு என்பதே இல்லை. முப்பது வயதில், தன் தொழிலில் தனக்கு நிகர் எவருமில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் போது, "போதும்" என்று எழுந்து போன ஒருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். அவர் பெயர் சாண்டி கோஃபாக்ஸ். அமெரிக்கர். பேஸ்பால் வீரர்.

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆகவே சிறு விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வருவார். முழங்கையை மடக்கி நீட்டி எறிதல் கூடாது. பேஸ்பாலில் ஓட்டமே இல்லை. சிறு மண்மேட்டின் மீது நின்று, காலைத் தூக்கி வைத்து, மாங்காய்க்குக் கல்லெறிவதைப் போல முழங்கையை மடக்கியே எறிய வேண்டும். பந்து தரையில் படாமல் 60 அடி 6 அங்குலம் தாண்டி மட்டைக்காரரைக் கடக்க வேண்டும். இப்படி எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். மூன்று முறை மட்டைக்காரரை ஏமாற்றிவிட்டால் அவர் வெளியேற வேண்டியதுதான்; அது ஸ்ட்ரைக் அவுட். நான்கு பந்துகளைக் குறி தவறி எறிந்தாலோ, மட்டைக்காரர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம்! ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூவர், ஆக 27 பேரை வெளியேற்ற வேண்டும். அதற்குள் நூறு பந்துக்கு மேல் எறிந்தாக வேண்டும். மாந்தோப்பில் பத்துக் கல் எறிந்தாலே முழங்கை என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும்.

கோஃபாக்ஸ் 1935 டிசம்பரில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோது அவருக்குக் கூடைப்பந்துதான் முதல் ஆட்டம். கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் அந்த இடக்கையின் வேகத்தைக் கண்ட புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, 1954 டிசம்பரில் 14,000 டாலர் ஊக்கத்தொகையும் 6,000 டாலர் சம்பளமும் தந்து அவரை ஒப்பந்தம் செய்தது. அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. இத்தனை பெரிய ஊக்கத்தொகை பெற்றவரை இரண்டாண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். சிறிய அணிகளுக்கு அனுப்பிப் பழக்க முடியாது. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளியது போலத்தான்! அவருக்கு இடம் கொடுப்பதற்காக டாமி லசோர்டா என்ற மற்றொரு பிட்சரைக் கீழே அனுப்பினார்கள். அந்த லசோர்டாவே பின்னாளில் இதே அணியின் புகழ்பெற்ற மேலாளரானார்.

முதல் ஆறு ஆண்டுகளில் கோஃபாக்ஸ் வென்றவை 36, தோற்றவை 40. வேகம் இருந்தது, குறி இல்லை. 1958-இல் அணியே லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அவர் நிலை மாறவில்லை. 1960-ஆம் ஆண்டின் இறுதியில் தம் காலணி, கையுறை எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாராம். உடைமாற்றும் அறைப் பொறுப்பாளர் அவற்றை எடுத்து வைத்திருந்து மறு ஆண்டு திருப்பிக் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் பிட்சரை விட அந்தப் பொறுப்பாளரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

1961-இல் ஒரு பயிற்சி ஆட்டம். பந்தைப் பிடிக்கும் நார்ம் ஷெர்ரி என்பவர் மேட்டுக்கு நடந்து வந்து ஒரு யோசனை சொன்னார். முழு வலுவையும் போட்டு எறியாதே, சற்றுத் தளர்த்தி எறி, அடித்தால் அடிக்கட்டும். அவ்வளவுதான். தளர்த்தியபின் பந்து குறியில் போய் விழுந்தது, வேகமும் குறையவில்லை! அந்த ஆண்டே 269 ஸ்ட்ரைக் அவுட். 1903 முதல் தேசிய லீகில் நிலைத்திருந்த கிறிஸ்டி மாத்யூசனின் 267 என்ற சாதனை வீழ்ந்தது. 1963-இல் 25 வெற்றி, 5 தோல்வி. 1965 செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸ் அணியின் 27 பேரையும், ஒருவரைக்கூட முதல் தளத்தை மிதிக்க விடாமல் வெளியேற்றினார். அந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸுக்கு வின் ஸ்கல்லி செய்த வானொலி வர்ணனையைப் பதிவில் கேட்டிருக்கிறேன். ஆட்டத்தின் நுணுக்கம் முழுதும் புரியாத எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

இனி அந்தக் கையைப் பற்றி. 1964 ஆகஸ்டில் தளத்துக்குப் பாய்ந்து திரும்பும்போது முழங்கை அடிபட்டது. சோதித்த டாக்டர் ராபர்ட் கெர்லான், முழங்கை மூட்டில் வாதம் என்றார். குணமாகாது, தொடர்ந்து ஆடினால் கையின் பயனையே ஒரு நாள் இழக்க நேரிடும் என்பதும் தெரிந்தது. 1965 பயிற்சிக் காலத்தில் ஓர் ஆட்டம் முடிந்து மறுநாள் காலையில் பார்த்தால், உள்ளே இரத்தம் கசிந்து கை முழுதும் கருநீலமாகிக் கிடந்தது. அந்தக் கையோடுதான் அவ்வாண்டு 382 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார்!

எப்படி எடுத்தார்? ஆட்டத்துக்கு முன் மிளகாய்க் காரத்தில் செய்த களிம்பைத் தோளிலும் கையிலும் பூசுவார்கள். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் நீர் வரும். முழங்கையில் கார்ட்டிசோன் ஊசி. பந்தயக் குதிரைகளுக்கும் கொடுக்கப்படும் ஒரு வீக்க மாத்திரை. ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டித் தொட்டியில் முழங்கை. தோல் வெந்துபோகாமல் இருக்க டயர் டியூபை வெட்டி உறை செய்து மாட்டினார்கள். கை முழுதும் நீளவில்லை, முழுதும் மடங்கவும் இல்லை. நாளடைவில் கோட்டின் இடப்பக்கக் கையைத் தையற்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கிக் கொண்டார்.

என் தந்தை தையற்கலைஞர். இந்தச் செய்தியை அவரிடம் சொன்னபோது, அவர் வெற்றிக் கணக்குகளைக் கேட்கவில்லை. "எத்தனை அங்குலம் குறைச்சாங்க?" என்றுதான் கேட்டார். பிறகு சொன்னார்: "மூட்டை தூக்குறவங்களுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்ப்பா. சட்டை தைக்கிறப்ப நாமளே பார்த்து வெட்டிடணும். அவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க." பல நூல்களும் சொல்லாத ஒன்றை அந்த ஒரு வாக்கியம் எனக்குச் சொல்லிவிட்டது. கோஃபாக்ஸும் கூலிக்குக் கையை விற்றவர்தாம், விலைதான் வேறு. 1966-இல் அந்த விலையையும் போராடித்தான் பெற்றார். அவரும் டான் டிரைஸ்டேல் என்ற சக பிட்சரும் சேர்ந்து, நியாயமான ஊதியம் தராவிட்டால் ஆட மாட்டோம் என்று 32 நாட்கள் நின்றார்கள். வேறு அணிக்குப் போகும் உரிமை வீரர்களுக்கு இல்லாத காலம் அது. இறுதியில் இவருக்கு 1,25,000 டாலரும் அவருக்கு 1,10,000 டாலரும் கிடைத்தன.

முந்தைய ஆண்டின் உலகத் தொடரையும் சொல்லியாக வேண்டும். 1965 அக்டோபர் 6 முதல் ஆட்டம். அன்று யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாள். யூதரான கோஃபாக்ஸ் ஆட மறுத்துவிட்டார். அணி அன்று தோற்றது. ஆனால் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின், அவரையே எறியச் சொன்னார்கள். அவரது பெருமைக்குரிய வளைபந்து அன்று வளையவில்லை. வேகப்பந்தை மட்டுமே நம்பி ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து 2-0 என்று வென்று கொடுத்தார். நோன்பை மதித்ததைப் பலர் போற்றுகிறார்கள், போற்றட்டும். எனக்கு அந்த ஏழாவது ஆட்டத்தைப் படிக்கும்போது பெருமையோடு ஒரு கலக்கமும் வருகிறது.

1966-இல் 27 வெற்றி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.73 ஓட்டமே கொடுத்தார். அவ்வாண்டு நவம்பர் 18 அன்று செய்தியாளரை அழைத்து ஓய்வை அறிவித்தார். ஆட்டம் முடிந்தபின் வாழ வேண்டிய ஆண்டுகள் பல இருக்கின்றன. அவற்றை முழு உடம்போடு வாழ விரும்புகிறேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். முப்பத்தொன்று நிறைய இன்னும் ஆறு வாரம் இருந்தது.

எட்டாண்டுகள் கழித்து, 1974-இல், கெர்லானின் கூட்டாளியான டாக்டர் ஃபிராங்க் ஜோப், அதே டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்பவருக்கு வலக்கைத் தசைநாணை எடுத்து இடமுழங்கையில் பொருத்தினார். டாமி ஜான் அதன்பின் 164 ஆட்டங்கள் வென்று, 46 வயது வரை எறிந்தார்! அவருடையது தசைநார் அறுந்த நோய். கோஃபாக்ஸுடையது மூட்டு வாதம். இரண்டையும் ஒன்றாக்கி, "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று பேசுவோர் உண்டு. வலிப்பவனுக்குக் காலண்டரைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாண்டுகளாக நம் கல்லூரி அணிக்கு வேகப்பந்து வீசுகிறேன். சென்ற ஆவணியிலிருந்து வலத்தோளில் வலி. ஊசி போட்டுக்கொண்டு இந்தப் பருவத்தை ஆடிவிடலாம் என்றார் ஒருவர். ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்றார் மற்றொரு மருத்துவர். மாலை வேளைகளில் தந்தையோடு துணி வெட்ட அமர்வதும் இந்தக் கைதான். பல்கலைக்கழகப் போட்டிக்கு இம்முறை நான் பெயர் கொடுக்கவில்லை. அணித்தலைவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், முதலாண்டு மாணவர் ஒருவரைக் கூட்டி வந்து, "இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றார்.

கோஃபாக்ஸும் 1979 முதல் 1990 வரை டாட்ஜர்ஸின் சிறிய அணிகளில் இளைஞருக்குப் பந்தெறியக் கற்றுத் தந்தார். நம் முதலாண்டு மாணவருக்கு வேகம் இருக்கிறது. குறிதான் இன்னும் இல்லை. சற்றுத் தளர்த்தி வீசச் சொல்லியிருக்கிறேன்.