குனியும் வேலை, காத்திருக்கும் வேலை

2025 நவம்பர் 1, சனி

ஐப்பசி அடைமழை. குரங்கணியில் வெயில் முகம் காட்டவே இல்லை. மலை முழுக்க மேகம் மூடிக் கிடக்கிறது. கொட்டகுடி ஆறு செந்தண்ணீராகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு வரும் என் வீட்டுக்காரருடைய சட்டையும் பையனின் பள்ளிக்கூட உடுப்பும் வீட்டுக்குள் கட்டிய கொடியில் தொங்குகின்றன. காய்ந்தபாடில்லை, வாடைதான் ஏறுகிறது.

அத்தைக்குத் தோள்வலி. கையைத் தலைக்குமேல் தூக்கமுடியவில்லை. “துவைக்கிறதுகூடப் பெருசில்ல தாயி. குனிஞ்சு எடுத்து, எக்கிக் கொடியில போடுறதுதான் உசுர வாங்குது” என்றார். அந்தப் பேச்சு மனசிலேயே நின்றுவிட்டது. ராத்திரி உட்கார்ந்து வீட்டுவேலையை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பெருக்குவது, பாத்திரம் தேய்ப்பது என்று எழுதவில்லை. எது குனிய வைக்கிறது, எது காத்திருக்க வைக்கிறது, எது கையைத் தேய வைக்கிறது என்று மூன்றாகப் பிரித்து எழுதினேன். அப்படிப் பார்த்ததும், எந்த வேலைக்கு எங்கே உதவி தேவை என்பது பளிச்சென்று தெரிந்தது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குக் கொடுப்பது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வீடும் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

காலை பஸ்ஸில் போடிக்குப் போய் ஹார்டுவேர் கடையில் சின்னக் கப்பி மூன்று, நைலான் கயிறு, கொக்கிகள் வாங்கி வந்தேன். மூங்கில் கம்பு வீட்டிலேயே இருந்தது.

வேலை சுலபம். உத்திரத்தில் கம்பின் நீளத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு கொக்கி அடித்தோம். தூரத்துக் கொக்கியில் ஒரு கப்பி, சுவரோரக் கொக்கியில் பக்கம் பக்கமாக இரண்டு கப்பி. கம்பின் இரண்டு நுனியிலும் கயிறு கட்டினோம். தூரத்து நுனிக்கயிறு தன் கப்பியில் ஏறி, குறுக்கே வந்து சுவரோரக் கப்பி ஒன்றின்மேல் விழுகிறது. கிட்டத்து நுனிக்கயிறு அடுத்த கப்பியில் ஏறி விழுகிறது. இரண்டையும் ஒன்றாக முடிந்து இழுத்தால் கம்பு சாயாமல் மேலே போகிறது. இடுப்பு உயரத்தில் சுவரில் அடித்த கொக்கியில் கயிற்றைச் சுற்றிவிட்டால் அங்கேயே நிற்கும்.

அத்தை கம்பை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, துணியைப் போட்டு, மேலே ஏற்றினார். கை தோளுக்குமேல் போகவில்லை. சூடான காற்று ஓட்டுக்கடியில்தான் தங்கும் என்பதால் மேலே போன துணி சீக்கிரம் காய்கிறது. அடுப்புக்கு நேர்மேலே மட்டும் கட்டக்கூடாது. துணி அவிழ்ந்து விழுந்தால் தீ பிடித்துவிடும். நாங்கள் பக்கத்து அறையில் கட்டினோம்.

இந்த மலைக்குக் கப்பியும் கயிறும் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்குப் போனது. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டி கீழே இறங்க அன்றைக்கே வழி கண்டார்கள். வீட்டுப் பெண்ணின் தோளுக்கு வழி காண இத்தனை காலம் ஆகியிருக்கவேண்டியதில்லை.

குஜராத்தில் அம்ருத்பாய் அக்ராவத் என்பவர் கிணற்றுக் கப்பியில் ஒரு தடுப்பு வைத்தார். தண்ணீர் இறைக்கும் பெண் நடுவில் கயிற்றை விட்டு மூச்சு வாங்கலாம். குடம் திரும்பக் கிணற்றுக்குள் போகாது. சின்ன இரும்புத் துண்டுதான். இறைக்கிறவளின் களைப்பைப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

நவம்பர் 6, வியாழன்

இன்றைக்குக் காத்திருக்கும் வேலை. சோறு வேகும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. மழையில் விறகு நமுத்துக் கிடக்கிறது, கேஸைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறோம்.

போடி என்றால் ஏலக்காயோடு இலவம் பஞ்சும் நினைவுக்கு வரும். இலவம் இழையின் உள்ளே கூடு, கூட்டுக்குள் காற்று. அதனால் சூட்டை வெளியே விடாது. பழைய மரப்பெட்டி ஒன்றில் அடியிலும் நான்கு பக்கமும் இலவம் பஞ்சுத் தலையணைகளை நெருக்கமாக வைத்தேன். ஊறவைத்த அரிசியை அளந்த தண்ணீரில் மூடியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்தேன். பானையைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி, மேலே இன்னொரு தலையணையை அழுத்தி மூடினேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. சோறு பதமாக, அடிபிடிக்காமல் இருந்தது. அதற்குள் மாவு ஆட்டி முடித்திருந்தேன்.

சோறு வேகத் தேவை சூடு. அந்தச் சூடு வெளியேறாமல் இருந்தால் கீழே தீ எரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சிலவற்றில் கவனம் வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். பெட்டியை நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. மொச்சை மாதிரி கடினமான பயறை அடுப்பிலேயே நன்றாகக் கொதிக்கவைத்துவிடவேண்டும். வெந்ததைச் சூட்டோடு எடுத்துச் சாப்பிட்டுவிடவேண்டும். வெதுவெதுப்பாக ராத்திரி முழுக்கக் கிடந்தால் கெட்டுப்போகும்.

நவம்பர் 9, ஞாயிறு

சின்னச் சின்ன மாற்றங்கள். சீமாற்றை நெஞ்சு உயரக் குச்சியில் இறுக்கிக் கட்டினோம். முற்றம் பெருக்க இனி இடுப்பு வளைய வேண்டாம். சின்ன வெங்காயத்தின் இரண்டு நுனியையும் கிள்ளித் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் தானாக நெகிழ்கிறது, கண்ணும் எரிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஏலக்காய் பொறுக்கும் வேலையைத் தரையில் சாக்கு விரித்துச் செய்துவந்தோம். பழைய கதவுப் பலகையை இரண்டு ஸ்டூல்மேல் போட்டு, அதன்மேல் கொட்டி, உட்கார்ந்து பொறுக்குகிறோம். அதே காய், அதே கை. கழுத்துவலி மட்டும் குறைந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மகளிர் குழுக் கூட்டம். துணிக்கம்பையும் சோற்றுப் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். “மிஷின் வாங்கினா முடிஞ்சது, இதெல்லாம் எதுக்கு மதினி?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. 1950-களில் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்திருக்காவிட்டால் நாம் இன்றும் ஆட்டுக்கல்லில்தான் உட்கார்ந்திருப்போம். 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது எத்தனையோ வீடுகளின் தோள்சுமையை இறக்கிவைத்தது. மிஷின் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மழையில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. மோட்டார் கெட்டால் போடிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கப்பியும் பெட்டியும் கெட்டால் நாமே சரிசெய்துகொள்ளலாம்.

கேரளத்தின் மலப்புறத்தைச் சேர்ந்த ரம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோது, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் துணி துவைக்கும் வேலை தன்மேல் விழ, சைக்கிள் பெடலால் சுற்றும் துவைக்கும் இயந்திரத்தை யோசித்துச் செய்தார். கரண்ட் வேண்டாம், மிதித்தால் போதும். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவருக்கு விருது கொடுத்தது. இதைச் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. குழுப் பணத்தில் பழைய சைக்கிள் வாங்கி, வெல்டிங் தெரிந்தவரிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

நவம்பர் 15, சனி

இன்று காலையில் நான் சொல்லாமலே பையன் ஈரத்துணியைக் கம்பில் போட்டு மேலே ஏற்றினான். நீளக் குச்சிச் சீமாற்றை எடுத்து இவர் வாசலைப் பெருக்கினார். வேலை லேசானால் அதை இன்னொருவர் கையில் கொடுப்பதும் லேசாகிறது. ஆனாலும் கருவி வந்துவிட்டது என்று சொல்லி அதையும் பெண்ணிடமே கொடுத்துவிட்டால், மிச்சமான நேரத்தில் வேறொரு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் செய்வது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் எல்லாரிடமும் ஒன்று கேட்கப்போகிறேன். கடைக்குப் போகுமுன் ஒரு நாள் உங்கள் வீட்டில் அம்மாவையோ அத்தையையோ கூடவே இருந்து பாருங்கள். எந்த வேலை முடிந்ததும் அவர் இடுப்பில் கைவைத்து நிமிர்கிறாரோ, அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.