வளையும் வெள்ளியும் வளரும் தமிழும்

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளகச் செய்து, கவசம் செய்யும் கலையையும் அருளினான் என்பது திருமறை தரும் செய்தி. திண்ணிய இரும்பும் சிறு வளையங்களாகிப் பின்னப்படின், உடலோடு இயைந்து வளையும் உடையாகிறது. இன்றைய அறிவியலார் வெள்ளியால் அமைக்கும் வலையும் இத்தகையதே.

கைப்பேசியின் தொடுதிரை ஒளியை விடவும் வேண்டும். மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும். கண்ணாடி ஒளியை விடும், மின்சாரத்தைக் கடத்தாது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும், ஒளியை விடாது. இவ்விரு பண்பும் ஒருங்கே வாய்ந்தது இந்தியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு. ஆயின் வளைக்க வளைக்க அதில் விரிசல் காணும்; இந்தியமோ அரிதிற் கிடைப்பது. சுருட்டத்தக்க திரைக்கு அது துணை செய்யாது.

இப்பொருளில் ஆய்வு நிகழ்த்தும் இயற்பியல் மாணவர் ஒருவர் ஒருநாள் எம் துறைக்கு வந்தார். "ஐயா, நான் என்ன படிக்கிறேன் என்று வாப்பா கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் கருத்தரங்கில் பேசிவிடுகிறேன். வாப்பாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை" என்றார். அவர் தந்தையார் ஜவுளிக் கடையில் பணிபுரிபவர். "சரிகையிலிருந்து தொடங்குங்கள்" என்றோம்.

பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளி இழை, சேலையை மடித்தாலும் முறிவதில்லை. அவ்விழையை மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்குப் பருமனாக்கினால் அதுவே நானோ கம்பி. அக்கம்பிகளைப் பிளாஸ்டிக் தாளின்மேல் பரப்பினால், ஒன்றன்மேல் ஒன்று கிடந்து வலையாகும். தொடுமிடந்தோறும் மின்சாரம் தாவும். இடைவெளிதோறும் ஒளி புகும். சரிகை கறுப்பதுபோல் இதுவும் கந்தகம் பட்டால் கறுக்கும். கம்பிகள் சந்திக்குமிடத்தில் மின்தடையும் மிகும். இக்குறைகளைக் குறைக்க, மின்கடத்தும் பலபடியை அதன்மேல் பூசுவர். பெடாட்-பி.எஸ்.எஸ். என்பது அவற்றுள் ஒன்று. நீரில் கலந்து மைபோல் பூசத்தக்கது.

பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுப்பதன்றோ என்று தந்தையார் வினவக்கூடும். அதற்கும் விடை உண்டு. 1967இல் ஜப்பானில் ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கி ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்ந்துவிட, வெள்ளிபோல் மின்னும் பாலிஅசெட்டிலின் படலம் தோன்றியது. பின்னர் அவரும் மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கூடி ஆய்ந்து, அயோடின் ஏற்றிய அப்படலத்தின் கடத்துதிறன் பன்மடங்கு பெருகுவதை 1977இல் வெளியிட்டனர். மூவரும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

'நானோ'வுக்குத் தமிழ்ச் சொல் வேண்டாவா என்று சிலர் கேட்பர். நல்ல சொல் அமையின் ஏற்போம்; அமையும்வரை பேசாதிருத்தல் ஆகாது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனப் பிறமொழிப் பெயர்களோடே புது இலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தவர் நம் இசுலாமியப் புலவர்கள். அதனால் தமிழ் குறைந்ததா? வளர்ந்ததன்றோ! அவர்கள் அஞ்சியிருப்பின் இழப்பு தமிழுக்கே.

மகன் கற்ற கல்வியைத் தந்தை அறியாதிருப்பது அத்தந்தையின் குறையன்று. பிள்ளையைப் படிக்க வைத்த உழைப்பாளிக்கு, அப்படிப்பு இன்னதென்று அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமையைத் தமிழால் நிறைவேற்றுதல் மொழித்துறையாகிய எம் கடமை. அறிவியல் பயிலும் மாணவச் செல்வங்களின் கடமையும் அதுவே. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுக; அதன் சாரத்தை ஒரு பக்கமேனும் தமிழில் எழுதி, முதலில் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக.