தங்கச்சிக்கு, காளஹஸ்தியிலிருந்து



அக்கா எழுதுவது. உன் மூத்தவன் மறுபடி குடித்துவிட்டு வந்து ரகளை பண்ணினான் என்று மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கடனுக்கு உன் கம்மலைச் சேட்டுக்கடையில் வைத்துவிட்டாயாமே! ஏண்டி, அம்மா போட்ட கம்மல் அல்லவா? கம்மல்கூடப் போகட்டும். கடனை அம்மா கட்டிவிடுவாள் என்று தெரிந்தால் அவன் ஏன் குடியை விடப் போகிறான்?

இங்கே ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் கோவில் பக்கம் நடக்கவே முடியாது. ராகு கேது பரிகாரத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வளர்ந்த பையனின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போகிற அம்மாக்களைப் பார்க்கும்போது உன் முகம்தான் தெரிகிறது. வேதம் வேறானாலும் பெற்ற வயிறு ஒன்றுதான்.

புனித மோனிக்கம்மாளை நினைத்துக்கொள். என் மகனிடம் பேசுங்கள் என்று ஓர் ஆயரிடம் கெஞ்சினாள். இப்போதைக்கு அவனை விட்டுவிடு, செபம் மட்டும் பண்ணு என்றார் அவர். 383-ல் அந்த மகன் அகுஸ்தினார் ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது கடற்கரை வரை பின்னாலேயே போனாள். அவன் போகக்கூடாது என்று அவள் ராத்திரியெல்லாம் கோவிலில் அழுது செபிக்க, அவன் பொய் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். அவள் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. ஆனால் அப்படிப் போனவன்தான் மிலான் நகரத்தில் அம்புரோஸ் ஆயரைக் கண்டான். 387 பாஸ்காவில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றான். நாம் சொல்லுகிற வழியில்தான் பிள்ளை திரும்ப வேண்டும் என்று ஆண்டவரிடம் அடம்பிடிக்கிறோமே, அதை விடுவதுதான் விசுவாசம் என்று எனக்குப் படுகிறது. எல்லாப் பிள்ளையும் அகுஸ்தினார் ஆவான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். ராத்திரி செபமாலை பாதியில் நின்றுவிடுகிறது.

இங்கே கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைத்துக் காயவைத்து, மூங்கில் குச்சியால் கறுப்புக் கோடு இழுத்து, சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவுகிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில்தான் அலச வேண்டுமாம். நின்ற தண்ணீரில் போட்டால் கழன்ற படிகாரம் வேறு இடத்தில் ஒட்டி, அங்கேயும் சாயம் பிடித்துவிடும். நம் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. அவன் குடி உன் மேல் ஒட்டி, உன் அழுகை சின்னவள் படிப்பில் ஒட்டிவிட்டது.

கைவிடச் சொல்லவில்லை. பசியோடு வந்தால் சோறு போடு, வாசலில் நிற்க வைக்காதே. ஆனால் கடன் கட்டாதே. காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் அவனுக்காகப் பொய் சொல்லாதே. லூக்கா 15-ல் வரும் அப்பா, மகன் போன தூர தேசத்துக்குப் பணம் அனுப்பினாரா என்ன?

நீ இருக்கிற ஆம்பூரிலிருந்து வேலூர் பக்கம்தானே. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்கிப் பார்த்துக்கொள்வார்கள். அவன் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் இரண்டு பேரும் போய்க் கேட்டு வாருங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் பண்ணு. அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஆகஸ்ட் 27 மோனிக்கம்மாள் திருநாள். அதற்குள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரண்டு நாள் இரு. கம்மலை மீட்க நான் பணம் தருகிறேன். அவன் கடனுக்கு ஒரு பைசா தர மாட்டேன்.

அன்புடன்,
அக்கா