புறாவுக்கு ஒரு மண்டலம்

சோழவந்தான் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது வெற்றிலைதான். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும்போது, "சோழவந்தான் கொழுந்து வெற்றிலையாக்கும்!" என்று யாராவது ஒருவர் பெருமையாகச் சொல்லாமல் இருக்க மாட்டார். 2023-ஆம் ஆண்டில் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் நான் இப்போது எழுத உட்கார்ந்திருப்பது வெற்றிலையைப் பற்றி அல்ல, புறாவைப் பற்றி! பட்டணத்து பால்கனிகளில் துணி உலர்த்த விடாமல், செடி வளர்க்க விடாமல், விடியற்காலையில் தூங்கவும் விடாமல் "குர்ர்... குர்ர்..." என்று குமுறிக்கொண்டிருக்கிறதே, அந்த மாடப்புறாவைப் பற்றி.

அதற்குச் சோழவந்தானுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். பழைய வீடும் புது வீடும் ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊர் அது. அங்கே போய்ப் பார்த்தால், புறா நம் வீட்டுக்கு ஏன் வருகிறது, எப்படி வந்தால் வராது என்ற இரண்டு விஷயமும் விளங்கிவிடுகின்றன.

மதுரையிலிருந்து 25 கிலோ மீட்டருக்குள்தான். ரயில் பாதையில் போனால் கூடல்நகர், சமயநல்லூர், அடுத்தது சோழவந்தான். சமயநல்லூர் தாண்டியதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தென்னந்தோப்புகளும் நெல் வயல்களும் வந்துவிடும். தூரத்தில் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். ஊருக்கு அருகிலேயே வைகை. இந்தக் கரையில் சோழவந்தான். அந்தக் கரையில் தென்கரை. 'ஸ்ரீ வள்ளி'யில் பாடி நடித்து ஊரையே மயக்கிய டி. ஆர். மகாலிங்கம் பிறந்தது அந்தத் தென்கரையில்தான். மதுரைக்குத் திரும்பும் வழியில் திருவேடகம். திருஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய் ஒதுங்கிய ஸ்தலம் என்பது புராணம். ஊருக்குள் ஜெனகை மாரியம்மன் கோயில். வைகாசித் திருவிழாவின்போது அங்கே கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம்.

சோழ மன்னன் ஒருவன் இந்தப் பக்கம் வந்தபோது, வயல்களின் பச்சையைப் பார்த்து, நம் காவிரி நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று உள்ளம் உவந்தானாம். 'சோழன் உவந்தான்' என்பதுதான் சோழவந்தான் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். சோழனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புறா விஷயத்தில் அவனுக்கும் சம்பந்தம் இருக்கிறது!

தெருவில் நடந்தால், நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. திண்ணை, தூண், தாழ்வாரம், சரிந்து இறங்கும் கூரை. அதை ஒட்டினாற்போல் புது மாடி வீடு. தட்டையான மொட்டை மாடி, ஜன்னலுக்கு மேலே தட்டையான சன்ஷேடு, பால்கனி, சுவரில் தொங்கும் ஏ.சி. பெட்டி. ஓட்டுக் கூரையின் முகட்டில் புறா வந்து உட்காரும், சற்று நேரம் வெயில் காயும், போய்விடும். சரிவில் உட்காரலாம், குடும்பம் நடத்த முடியாது. நாலு குச்சியை வைத்தால் உருண்டு விழுந்துவிடும். புது வீட்டுச் சன்ஷேடோ, புறாவுக்கென்றே மனை போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

நான் போயிருந்த வீட்டில் இதே ரகளைதான். சமையலறை ஜன்னலுக்கு மேலே புறாக் கூடு. உள்ளே இரண்டு முட்டை. வீட்டில் அப்பத்தாவுக்கு நாள்பட்ட இளைப்பு. டாக்டர் புறா எச்சத்துப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கம்பை எடுத்து ஒரு தள்ளு தள்ளினால் ஆச்சு. நீங்கள் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அத்தை" என்றாள் மருமகள்.

"முட்டையோடு இருக்கிறதைத் தள்ளாதே, தாயி. பிள்ளைத்தாய்ச்சி வீட்டைக் கலைக்கிற மாதிரி" என்றார் கிழவி, மூச்சு வாங்கிக்கொண்டே.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் சண்டை இன்று ஆயிரம் வீடுகளில் நடக்கிறது. இதைத் தீர்க்க வேண்டுமானால் புறாவின் பூர்வோத்தரம் தெரிய வேண்டும்.

மாடப்புறா மரத்துப் பறவை அல்ல. அதன் பூர்வீகம் பாறை இடுக்கு. மரக்கிளையில் கூடு கட்ட அதற்கு அவ்வளவாகத் தெரியாது. கல்லில் ஒரு பொந்தோ, திட்டோ கிடைத்தால் போதும். பெயருக்கு நாலு குச்சியைப் போட்டு முட்டை இட்டுவிடும். நம் கிராமங்களில் பழைய கல் கிணறுகளின் பொந்துகளில் புறாக்கள் குடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் கோபுரமும் அதன் கண்ணுக்கு ஒரு மலைதான். அடுக்கடுக்காக மாடம், மாடத்துக்குள் பொம்மை, பொம்மைக்குப் பின்னால் இருட்டு. வேறென்ன வேண்டும்? நாம் ஐந்து மாடி, பத்து மாடி என்று கட்டும் ஃபிளாட்டுகளும் அதற்கு மலைகளே. நாம் கட்டியது வீடு. புறா பார்ப்பது பாறை. புறாவின் பேரில் குற்றம் சொல்லி என்ன பயன்?

இது இன்று நேற்று வந்த உறவும் அல்ல. மதுரைப் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி நக்கீரர் பாடியதாகச் சொல்லப்படும் நெடுநல்வாடையிலேயே வீட்டுப் புறா வருகிறது. வாடைக் காலத்துக் குளிரில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல், இரை தேடவும் போகாமல், சிவந்த கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஜோடியாகக் கூரையின் அடியில் உட்கார்ந்திருக்கின்றனவாம் புறாக்கள். அன்று அதைப் பார்த்தவர் கவி பாடினார். இன்று நாம் துடைப்பத்தை எடுக்கிறோம்!

துடைப்பத்தை எடுப்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. காய்ந்த எச்சத்தின் தூளும் இறகுத் தூசியும் நாள்தோறும் மூச்சில் கலந்தால், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. வருஷக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் நுரையீரலே தடித்துப் போய்விடலாம். எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தாக்கக் கூடியது. கோபுரத்துச் சுதைப் பொம்மைகளையும் எச்சத்திலுள்ள அமிலம் மெள்ள மெள்ள அரிக்கிறது. பல கோயில் மண்டபங்களில் இப்போது வலை கட்டியிருப்பது இதற்காகத்தான்.

சரி, விரட்டுவது எப்படி? நம்மவர்கள் செய்து பார்க்காத வித்தை இல்லை. பழைய சி.டி. தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பளபளக்கும் காகிதம் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் ஆந்தை, ரப்பர் பாம்பு வாங்கி வைக்கிறார்கள். முதல் இரண்டு நாள் புறா சற்று யோசிக்கும். மூன்றாம் நாள், ஆந்தை அசையவே இல்லை என்று கண்டுபிடித்துவிடும். ஒரு வாரம் கழித்து ஆந்தையின் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பாச்சை உருண்டையைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து வேறு. ஒட்டும் பசையைத் தடவுவது மகா பாவம். புறாவுக்கு வைத்தது சிட்டுக்குருவியின் சிறகில் ஒட்டி, அதன் உயிருக்கே உலை வைத்துவிடும்.

கொன்றாலும் பயன் இல்லை என்பதற்கு ஸ்விட்ஜர்லாந்தில் பாசல் என்ற நகரம் சாட்சி. 1961 முதல் 1985 வரை அங்கே சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்று பார்த்தார்கள். புறாக்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. இரையும் இடமும் இருக்கிற வரையில், போனவற்றின் இடத்தைப் புதுக் குஞ்சுகள் நிரப்பிக்கொண்டே இருந்தன. 1988-இல் வழியை மாற்றி, 'தயவு செய்து தீனி போடாதீர்கள்' என்று ஜனங்களிடம் பிரசாரம் செய்தார்கள். சுமார் நாலு வருஷத்தில் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

நம் நாட்டில் இது அத்தனை சுலபம் அல்ல. 2025 ஜூலையில் மும்பை மாநகராட்சி, பொது இடங்களில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் கபூதர்கானாக்களை மூடத் தொடங்கியது. தாதரில் தார்ப்பாய் போட்டு மூடிய இடத்தை ஆகஸ்டு மாதம் ஜனங்கள் திரண்டு வந்து பிரித்துப் போட்டார்கள். விவகாரம் ஹைகோர்ட் வரை போயிற்று. ஒரு பக்கம் ஜீவகாருண்யம். மறு பக்கம் அண்டை வீட்டாரின் நுரையீரல். சோழவந்தான் சமையலறையில் மாமியாரும் மருமகளும் பேசியதும் இதே வழக்குதானே?

இங்கேதான் சோழனை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பருந்துக்குப் பயந்து அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் சதையையே அரிந்து தராசில் வைத்தானே சிபிச் சக்கரவர்த்தி, அவன் வழியில் வந்தவர்கள் சோழர்கள் என்று சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். செம்பியன் என்று சோழனுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். சோழன் உவந்த ஊரில் புறாக் கூட்டைக் கம்பால் தள்ளலாமா?

தள்ள வேண்டாம். ஆனால் சதையை அரியவும் வேண்டாம். கணக்குப் போட்டால் போதும்.

புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். சுமார் 18 நாளில் குஞ்சு வெளிவரும். தாய் தகப்பன் இரண்டும் தொண்டைப் பையில் ஊறுகிற பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். ஏறக்குறைய 30 நாளில் குஞ்சு பறந்துவிடும். பதினெட்டும் முப்பதும் நாற்பத்தெட்டு. அதாவது, சரியாக ஒரு மண்டலம்! சாமிக்கு நேர்ந்துகொண்டு ஒரு மண்டலம் விரதம் இருக்கிற நமக்கு, இது பெரிய காலமா?

ஆனால் மண்டலம் முடிந்த அன்றைக்கே காரியத்தில் இறங்கிவிட வேண்டும். வருஷம் முழுவதும் முட்டையிடக் கூடியது புறா. இந்தக் குஞ்சு பறப்பதற்குள்ளேயே அடுத்த முட்டைக்கு இடம் பார்த்து வைத்துவிடும். இரக்கப்பட்டு இன்னும் நாலு நாள் விட்டால், இரண்டாம் மண்டலம் ஆரம்பமாகிவிடும்.

என்ன செய்ய வேண்டும்? பழைய ஓட்டுக் கூரை சொல்லிக் கொடுத்த பாடந்தான். தட்டையைச் சரிவாக்குங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சன்ஷேடின் மேல் 45 டிகிரிக்குக் குறையாத சரிவாகக் காரை பூசச் சொல்லலாம். இல்லாவிட்டால் தகரமோ பலகையோ சரித்துப் பொருத்தலாம். பால்கனிக்கு நைலான் வலை. கண் இரண்டு அங்குலம் இருந்தால் புறா நுழையாது. சிட்டுக்குருவி தாராளமாக வந்து போகும். வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் பறவை சிக்கிக்கொண்டு தவிக்கும். ஏ.சி. பெட்டியின் பின்புறம், எக்ஸாஸ்ட் விசிறியின் ஓட்டை ஆகியவற்றைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். அடைக்கு முன் உள்ளே குஞ்சு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் உட்காரப் பிடிமானம் கிடைக்காது.

பால்கனியில் அரிசி, கோதுமை இறைக்காதீர்கள். மொட்டை மாடியில் தானியம் காயப் போட்டால் சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள். காக்கைக்குச் சோறு வைப்பதை விட வேண்டியதில்லை. ஒரு பிடியோடு நிறுத்தி, மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும்.

இன்னொரு முக்கியமான விஷயம். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கவே கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊற வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வழித்தெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். இளைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருமகள் காலண்டரில் நாற்பத்தெட்டாம் நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, அப்பத்தாவின் கட்டிலை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றினாள். அப்பத்தா பேரனைக் கூப்பிட்டுக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்: "நாள் தவறாமல் வரச் சொல்லுடா. ஒரு நாள் முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்."

சோழவந்தானுக்குப் போகிறவர்கள் ஒரு கவுளி வெற்றிலை வாங்காமல் திரும்பாதீர்கள். தெருவில் நடக்கும்போது சற்று நிமிர்ந்து, ஓட்டுக் கூரையையும் சன்ஷேடையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். புதிதாக வீடு கட்டப்போகிறவர்களாக இருந்தால், ஜன்னலுக்கு மேல் சரிவு வைக்கும்படி மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். பிற்பாடு வலைக்கும் செலவு இல்லை; மண்டலக் கணக்கும் இல்லை.