எந்தத் தேனீயின் மெழுகு?

எங்கள் ஊர் கரமனையில் கால் எரிச்சல், வாதரத்தம் என்று போனால் வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளில் பிண்ட தைலமும் ஒன்று. நல்லெண்ணெயில் மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு சேர்த்துக் காய்ச்சுவது. அந்த மெழுகில் பாரஃபினைக் கலந்துவிட்டால் தேய்த்துக்கொள்பவருக்கு எப்படித் தெரியும்? பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்பதுண்டு.

உருகுநிலை பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. தேன்மெழுகு 61 முதல் 65 டிகிரிக்குள் உருகும். அதே சூட்டில் உருகும் பாரஃபினும் கிடைக்கிறது. அதனால்தான் ஆய்வகத்தில் அமில எண்ணையும் எஸ்டர் எண்ணையும் அளக்கிறார்கள். தேன்மெழுகில் தனி அமிலமும் உண்டு, அமிலமும் ஆல்கஹாலும் கூடிய எஸ்டரும் உண்டு. பாரஃபினில் இரண்டுமே இல்லை. கலந்தால் இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்கும்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மேலைநாட்டு மருந்து நூல்கள் சொல்லும் அமில எண் 17 முதல் 24 வரை. அது ஐரோப்பியத் தேனீயின் மெழுகுக்கு உரியது. நம் பொந்துத் தேனீக்கும் மலைத்தேனீக்கும் அது பெரும்பாலும் 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால், அகத்திய மலையில் தேன் எடுக்கும் காணிக்காரப் பழங்குடியினரும் மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவரும் கலப்படக்காரர்கள் ஆகிவிடுவார்கள். எஸ்டர் எண்ணையும் பார்த்தால் உண்மை தெரியும்: நம் மெழுகில் அது குறையவே குறையாது. ஏழை ஒருவர்மேல் திருட்டுப் பட்டம் விழுந்தால் பிறகு எந்தச் சான்றிதழும் அதைத் துடைக்காது. ஒருவரைப் பொய்யர் என்னும் முன், நம் கையிலுள்ள அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டாக வேண்டும்.

தவறான அளவுகோலால் இன்னொரு கேடும் உண்டு. ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் அமில எண் ஏறிவிடும். நல்ல மெழுகு தோற்று, கெட்டது தேறிவிடும். 2016-இல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அந்த அமிலம் அடங்கிய ஸ்டியரின் கலந்த மெழுகுத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்திய கூடுகளில் தேனீப் புழுக்கள் செத்தன.

பாரஃபினுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு மெழுகைக் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். 65 டிகிரிக்கு இறங்கும் முன்பே கலங்கினால் பாரஃபின் இருக்கிறது. ஆனால் குறைந்த சூட்டில் உருகும் பாரஃபின் 6 சதவீதத்துக்குள் இருந்தால் இதிலும் தப்பிவிடும். மெழுகின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகையிடம் தப்புவது கடினம். தேனீ உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்களில் 27 போன்ற ஒற்றைப்படைக் கார்பன் சங்கிலிகளே மிகுதி. பாரஃபினில் ஒற்றையும் இரட்டையும் சரிசமமாக வரும். எத்தனை அழகான சாட்சி!

ஆகவே மெழுகைச் சோதனைக்கு அனுப்புபவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தத் தேனீ, எந்த ஊர், பழைய அடையை உருக்கியதா, தேன் அறைகளின் மூடியைச் சீவி எடுத்ததா என்பதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதுங்கள். இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் நிறப்பிரிகை முடிவு வரும்வரை யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.