நான்கு மணி நேரத் தூரம்

தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்று தூரத்தை எவரும் கல் கணக்கில் சொல்வதில்லை. மணிக் கணக்கில்தான் சொல்கின்றனர். "துபாய் எவ்வளவு தூரம்?" என்று வினவினால், "நாலு மணி நேரந்தான் சாமி" என்ற விடை உடனே வருகிறது. அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று.

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே வான்வழித் தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானம் அதனை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சேருவது சுமார் 150 கிலோமீட்டர்தான். அதற்கும் கிட்டத்தட்ட அதே நான்கு மணி நேரம் ஆகிறது! அரபிக் கடலைத் தாண்டும் பொழுதும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அப்பால் செல்லும் பொழுதும் ஒன்றாகவே இருக்கின்றன.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. இரவு 10 மணிக்கு இங்கிருந்து புறப்படும் மகன் அங்கே இறங்குகையில், அவ்வூர்க் கடிகாரம் 12.30 காட்டும். அங்கே இரவு 10 மணிக்கு ஏறினாலோ, இங்கே இறங்கும்போது விடியற்காலை 3.30. ஆக, போகும் வழி இரண்டரை மணி போலவும், வீடு திரும்பும் வழி ஐந்தரை மணி போலவும் தோன்றும்.

புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறினார். கோவாவில் கரையிறங்கியது 1542 மே 6ஆம் நாள். பதின்மூன்று மாதங்கள்! 1552 டிசம்பர் 3ஆம் நாள் அவர் சீனக் கரையோரத் தீவில் உயிர் நீத்தார். அதனை அறியாத புனித இஞ்ஞாசியார், அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு 1553 ஜூனில் மடல் எழுதினார். இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் செய்தி ரோமைச் சேரவில்லை.

இன்று செய்தி நொடியில் சேர்ந்துவிடுகிறது. மனிதன்தான் பிந்தி வருகிறான். பங்கில் தாயோ தந்தையோ கண் மூடினால், அடக்க நேரத்தைக் குறிக்கும் முன் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "மகன் எப்ப வந்து சேருவான் சாமி?" என்பதே. அப்படி ஒரு வீட்டில், மகன் மறுநாள் மாலையில்தான் வந்தான். "நாலு மணி நேரத்துல வர முடியாதாக்கும்?" என்று உறவினர் முணுமுணுத்தனர். அவர்களை அமர்த்தி, நாமே கணக்கிட்டுக் காட்டினோம்: விமான நிலையத்தில் காத்திருப்பு மூன்று மணி, பறப்பது நான்கு, இறங்கிச் சோதனை முடிய ஒன்று, சாலையில் நான்கு, ஆக மொத்தம் பன்னிரண்டு. முதலாளியிடம் விடுப்புப் பெறவும், திடீர்ப் பயணச்சீட்டுக்குப் பணம் புரட்டவும் ஆன நேரத்தை எந்தக் கால அட்டவணையும் சொல்வதில்லை. அதன் பின் அவ்வீட்டில் எவரும் அவனைக் குறை கூறவில்லை. அத்தை ஒருத்தி அவன் கையில் ஒரு குவளை காப்பியைக் கொடுத்தார்.

அன்பர்களே, பிந்தி வரும் பிள்ளையை வாசலில் கடிந்துகொள்ள வேண்டாம். தொலைவில் வாழும் பிள்ளைகளே, நீங்களும் ஒன்று செய்யுங்கள்: விடுப்பு கிடைக்கும் ஆண்டில், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வந்து போங்கள். அந்தப் பயணத்துக்கும் அதே பன்னிரண்டு மணி நேரந்தான். வாசலில் உங்களை வரவேற்க அவர்கள் இருப்பார்கள்.